இடமும் நினைவும்: உப்புவெளிக் கடலும் மூளையின் வரைபடமும்

திருகோணமலை நகருக்கு வடக்கே, நிலாவெளி நோக்கிச் செல்லும் கரையோரத்தில் அமைந்தது உப்புவெளி. இக்கரையிலிருந்து கடலேறும் தொழிலாளர், கரை சிறுத்து மங்கும் தூரத்திலும் தாம் நிற்கும் இடத்தை அறிவர். தெற்கே கோணேசர் ஆலயம் அமைந்த சுவாமி மலை தெரியும்; வடக்கே புறாமலைத் தீவு தெரியும்; மேற்கே கரைப் பனைகளும் அவற்றுக்கப்பால் குன்றுகளும் தெரியும். அருகேயுள்ள அடையாளம் ஒன்றையும் அதன் பின்னே தொலைவிலுள்ள அடையாளம் ஒன்றையும் ஒரே நேரில் வைத்து நோக்கினால் ஒரு கோடு பெறப்படும். வேறொரு திசையில் அவ்வாறே நோக்கினால் இன்னுமொரு கோடு பெறப்படும். இரண்டும் ஒன்றையொன்று வெட்டுமிடமே முன்னொருநாள் மீன் மிகுதியாகப் பட்ட பார். நீரின் மேல் எவ்வித குறியும் இல்லாதபோதும் அந்த இடம் தவறுவதில்லை.

இதனைப் பட்டறிவு என்று கூறி அமைந்துவிடுதல் எளிது. ஆயின், அப்பட்டறிவு மூளையில் எவ்வாறு பதிகின்றது என ஆராயப் புகுந்த விஞ்ஞானிகள், வழியறியும் ஆற்றலும் வாழ்க்கை நிகழ்ச்சிகளை நினைவிற்கொள்ளும் ஆற்றலும் பெரிதும் ஒரே உறுப்பைச் சார்ந்தவை என்னும் முடிவை எய்தினர். அம்முடிவு எவ்வாறு பெறப்பட்டது என்பதையும், நம் முதியோர் விடயத்தில் அது நமக்கு உணர்த்துவது யாது என்பதையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

மூளையின் இருபுறத்தும், காதுகளுக்கு உட்புறமாக ஆழத்தில், வளைந்த சிற்றுறுப்பு ஒன்று உண்டு. அதன் வடிவம் கடற்குதிரையை ஒத்திருந்தமையால் பழைய உடற்கூற்றறிஞர் அதற்குக் கடற்குதிரையின் கிரேக்கப் பெயரையே இட்டு ஹிப்போகம்பஸ் என்றனர். அதன் பணி யாது என்பதை உலகம் அறிந்துகொண்டது ஒரு மனிதரின் பேரிழப்பினாலேயே ஆகும். 1953ஆம் ஆண்டில், கடும் வலிப்பு நோயினால் வருந்திய ஹென்றி மொலைசன் என்னும் 27 வயது அமெரிக்க இளைஞருக்கு, வில்லியம் ஸ்கோவில் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் இருபுறத்து ஹிப்போகம்பஸின் பெரும்பகுதியையும் அதனை அடுத்த பகுதிகளையும் அகற்றினார். வலிப்புக் குறைந்தது. அறிவுக்கூர்மையும் பேச்சும் குன்றவில்லை. ஆனால், அதன்பின் நிகழ்ந்தவை எவையும் அவர் நினைவில் நிலைக்கவில்லை. சற்று முன் உரையாடியவரையும் அவர் புதியவராகவே வரவேற்றார். ஸ்கோவிலும் பிரெண்டா மில்னரும் 1957இல் இதனை வெளியிட்டனர்.

மொலைசனிடம் மில்னர் மேலும் ஒன்றைக் கண்டார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தவாறே நட்சத்திர உருவொன்றை வரையும் பயிற்சி அவருக்கு அளிக்கப்பட்டது. நாளுக்கு நாள் கை தேர்ச்சி பெற்றது. ஆனால் அப்பயிற்சியைத் தாம் முன்னர் செய்ததாக அவருக்கு நினைவே இல்லை. ஆகவே நினைவு என்பது ஒன்றன்று, பல என்பது தெளிவாயிற்று. துடுப்பு வலிக்கும் கையின் பழக்கம் ஒருவகை. கச்சான் மேற்கிலிருந்து வீசும், கொண்டல் கிழக்கிலிருந்து வீசும் என்னும் பொது அறிவு இன்னொருவகை. இன்ன நாளில், இன்ன இடத்தில், எனக்கு இன்னது நேர்ந்தது என்பது மூன்றாம் வகை. இம்மூன்றாம் வகையினை 1972ஆம் ஆண்டில் எண்டல் டல்விங் தனித்துப் பிரித்துக் காட்டினார். அதனை நாம் நிகழ்ச்சி நினைவு எனலாம். மொலைசன் இழந்தவற்றுள் தலையாயது இதுவே.

இனி, வழியறிதலைப் பற்றிய ஆய்வினை நோக்குவோம். சுற்றுவழிப் பாதைகளில் எலிகளை ஓடவிட்டு ஆராய்ந்த எட்வர்ட் டோல்மன், அவை வலம் இடம் எனத் திரும்பும் வரிசையை மட்டும் கற்பதில்லை, இடத்தின் முழுமையான மனவரைபடம் ஒன்றையும் பெறுகின்றன என 1948இல் வாதிட்டார். அவ்வரைபடம் எங்குள்ளது என்பதற்கு விடை 1971இல் கிடைத்தது. இலண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியைச் சேர்ந்த ஜோன் ஓகீஃப், எலியின் ஹிப்போகம்பஸில் நுண்ணிய மின்வாய்களைப் பொருத்தித் தனித்தனி நரம்புக்கலங்களின் துடிப்பைப் பதிவுசெய்தார். குறித்த ஒரு கலம், எலி அறையின் குறித்த ஓரிடத்துக்கு வரும்போது மட்டும் துடித்தது. வேறொரு கலம் வேறோர் இடத்தில் துடித்தது. இவை இடக்கலங்கள் எனப்பட்டன. பின்னர், தலை எத்திசையை நோக்குகின்றதோ அத்திசைக்கேற்பத் துடிக்கும் திசைக்கலங்கள் அறியப்பட்டன. 2005ஆம் ஆண்டில் நோர்வேயைச் சேர்ந்த மே-பிரிட் மோசரும் எட்வார்ட் மோசரும் அவர்தம் மாணவரும், ஹிப்போகம்பஸை அடுத்துள்ள என்டோரைனல் புறணியில் மற்றுமொரு வகைக் கலங்களைக் கண்டனர். அவற்றுள் ஒரு கலம் பல இடங்களில் துடித்தது. அவ்விடங்களைப் புள்ளியிட்டுப் பார்த்தபோது, விரித்த வலையின் முடிச்சுகள் போல அவை ஒழுங்கான இடைவெளியில் அமைந்திருந்தன. சென்ற தூரத்தை அளப்பதற்கு உதவும் இவற்றை வலைக்கலங்கள் என அழைப்போம். இக்கண்டுபிடிப்புகளுக்காக இம்மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தமிழகத்திலும் இத்துறை ஆராயப்படுகின்றது. வௌவால் போல முப்பரிமாண வெளியில் பறக்கும் உயிரியின் மூளையில் இத்தகைய கலங்கள் எவ்வாறு உருவாகலாம் என்பதை விளக்கும் கணித மாதிரியொன்றைச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த சீனிவாச சக்கரவர்த்தி, பிற ஆய்வாளருடன் இணைந்து 2018இல் வெளியிட்டார்.

வழியறிதலில் பெறும் பயிற்சி இவ்வுறுப்பையே மாற்றவல்லது. இலண்டன் வாடகைக் கார் ஓட்டுநர் உரிமம் பெறுவதற்கு ஏறத்தாழ 25,000 தெருக்களை மனத்திற் கொள்ளல் வேண்டும். அவ்வோட்டுநர் பதினறுவரின் மூளையை எலினோர் மக்வயர் ஆராய்ந்தபோது, ஹிப்போகம்பஸின் பின்பகுதி ஏனையோரினும் பெரிதாயிருந்ததை 2000இல் அறிவித்தார். பயிற்சி தொடங்குமுன்னும் முடிந்த பின்னும் ஒப்பிட்ட 2011ஆம் ஆண்டின் ஆய்வு, தேர்ச்சி பெற்றோரிடம் மட்டுமே அவ்வளர்ச்சி ஏற்பட்டதைக் காட்டியது. மறுபுறம், வழிகாட்டும் கருவியின் சொற்படி செல்வோரின் ஹிப்போகம்பஸ், தெருக்களின் அமைப்பைத் தானே ஆராய்வோருடையதைப் போல் எழுச்சியுறுவதில்லை என 2017இல் வெளியான இலண்டன் ஆய்வொன்று கூறிற்று. செய்மதிக் கருவி உயிர் காப்பது. அதனை விலக்குதல் பேதைமை. எனினும், மலையையும் மரத்தையும் நேர்வைத்துப் பார்க்கும் கல்வியை இளைஞர் கைவிடின், மூளைக்குரிய பயிற்சியொன்றையும் கைவிடுகின்றனர்.

வழியும் நிகழ்ச்சியும் ஓருறுப்பைச் சார்ந்தமை ஏன்? நிகழ்ச்சி எதுவும் ஓரிடத்திலேயே நிகழ்கின்றது. ஒலி, முகம், மணம், அச்சம் என மூளையின் வெவ்வேறு பகுதிகளிற் பதிவன யாவற்றையும் ஒன்றாகக் கட்டுவதற்கு இடமே தக்க கயிறாகின்றது. அவற்றுள் ஒரு கூறு தூண்டப்படின், ஹிப்போகம்பஸ் ஏனைய கூறுகளையும் மீட்டெடுக்கும். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடல் கரையேறியதைப் பற்றிக் கீழைக்கரையில் எவரிடமேனும் வினவுக. தாம் நின்ற படலையையோ, கிணற்றடியையோ, ஒழுங்கையையோ சொல்லியே அவர் தொடங்குவார். அவ்விடத்திலிருந்தே எஞ்சிய யாவும் எழுகின்றன.

இதிலிருந்து நாம் கருத்திற்கொள்ள வேண்டியவை இரண்டு. முதலாவது மருத்துவம் சார்ந்தது. அல்சைமர் நோயினால் மிக முற்படத் தாக்கப்படும் பகுதிகளுள் ஒன்று, வலைக்கலங்கள் உறையும் அந்த என்டோரைனல் புறணியாகும். ஆதலால், நாற்பதாண்டு நடந்த சந்தை வழியில் ஒரு முதியவர் திகைத்து நிற்பாராயின், அது நோயின் தொடக்க அடையாளமாயிருத்தல் கூடும். வயது போனால் அப்படித்தான் என்று வீட்டார் தள்ளிவிடுகின்றனர், அது தவறு. தைரொயிட் சுரப்புக் குறைவு, விற்றமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு ஆகியனவும் இத்தகைய தடுமாற்றத்தை உண்டாக்கும். இவை சிகிச்சையால் நலம்பெறக்கூடியவை. எனவே காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுதல் வேண்டும். நினைவு குன்றியவரைப் பழகிய வீட்டிலேயே, பழகிய பொருள்கள் பழகிய இடங்களில் இருக்கப் பேணுதல் அவருக்குத் துணையாகும்.

இரண்டாவது நமது வரலாறு சார்ந்தது. போரினாலும் இடப்பெயர்வினாலும் ஆழிப்பேரலையாலும் கீழைக்கரையின் அடையாளங்கள் பல மறைந்தன. மரம் விழுந்து மதில் இடிந்தபோது, அவற்றில் தங்கியிருந்த நினைவுகளுக்கு வழியும் அடைபடுகின்றது. முதியோரிடம் பழங்கதை கேட்கச் செல்லும் மாணவர், ஆண்டையும் தேதியையும் முதலில் வினவிப் பயனில்லை. இருந்த வீட்டின் வாசல் எத்திசை நோக்கியது, கடலுக்கு எவ்வழியே சென்றீர்கள், எந்தப் பாருக்கு எதனை நேர்வைத்தீர்கள் என வினவுதல் வேண்டும். இயலுமாயின் அவரை அவ்விடத்துக்கே அழைத்துச் செல்லல் நன்று. அவர் சொல்லும் இடப்பெயர்களையும் கடலடையாளங்களையும் படமாக வரைந்து வைப்பது, அறிவோர் உள்ளபோதே செய்யப்படவேண்டிய பணியாகும்.