எறிவாளர் வில்ஹெல்ம்

அமெரிக்க ஐக்கிய நாட்டு மக்கள் பெரிதும் விரும்பி ஆடும் ஆட்டங்களுள் பேஸ்பால் ஒன்று. அதனைத் தளப்பந்தாட்டம் என்று தமிழில் கூறலாம். ஆடுகளத்தின் நடுவில் உள்ள சிறு மேட்டில் நின்று எறிவாளர் பந்தை எறிவார். எதிரணியினர் ஒருவர் உருண்டைத் தடியால் அதனை அடிக்க முயல்வார். கிரிக்கெட்டிற் போலப் பந்து தரையிற் பட்டு எழுவதில்லை, நேரே வரும். எறிவாளர் சோர்ந்துவிட்டால் அவரை விலக்கி வேறொருவரை நிறுத்துவர். விலகியவர் அவ்வாட்டத்தில் மீண்டும் புகுதல் இயலாது. அவ்வாறு இடையில் வருபவரை இடையெறிவாளர் எனலாம். அவர் தொழில் எளிதன்று. எதிரணியினர் தளங்களில் நின்று ஓடத் துடிக்கும் வேளையில், பிறர் விளைத்த இடரைத் தம் தோளில் ஏற்க வருபவர் அவர்.

இத்தொழிலிற் புகழ்பெற்ற ஹாய்ட் வில்ஹெல்ம் என்பார் 1922ஆம் ஆண்டில் வட கரோலினா மாநிலத்திற் பிறந்தவர். பள்ளியிற் பயிலும் நாளில், டச்சு லெனார்டு என்னும் எறிவாளர் பந்தைப் பிடிக்கும் முறையைச் செய்தித்தாள் ஒன்றிற் கண்டு, தாமே பழகிக்கொண்டார். அதற்கு நக்கிள் பந்து என்று பெயர். நக்கிள் என்றால் விரல்முட்டி. எனினும் வில்ஹெல்ம் பந்தைப் பற்றியது விரல் நுனிகளாலேயாம். பிற பந்துகள் சுழன்று விரையும். இப்பந்தோ ஏறக்குறையச் சுழலாமல் மெல்ல மிதந்து வரும். சுழற்சி இன்மையால், பந்தின் தையல் மேடுகளில் மோதும் காற்று அதனை ஒருபால் ஒதுக்கும்; பின் மறுபால் ஒதுக்கும். எங்கே திரும்பும் என்பதை அடிப்பவர் அறியார், பின்னே நின்று பிடிப்பவரும் அறியார், எறிந்தவர்தாமும் அறியார்!

அந்நாட்டில் மேனிலைப் போட்டிகளுக்குக் கீழே மைனர் லீக் எனப்படும் கீழ்நிலைப் போட்டிகள் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவை டி முதல் மூன்று ஏ வரை ஆறு படிகளாக இருந்தன. 1949ஆம் ஆண்டில் மட்டும் 59 லீக்குகள் நடைபெற்றன. இப்படிகளில் ஏறத் தொடங்கியவர்களுட் பலர் நடுவழியிலேயே நின்றுவிட்டனர்.

வில்ஹெல்ம் 1942இல் மூர்ஸ்வில் என்னும் சிற்றூர் அணியில், கடைப்படியில் தொடங்கினார். உடனே போர் அழைத்தது. ஐரோப்பாவில், பல்ஜ் போரில் எறிகுண்டுச் சிதறல் பட்டுக் காயமுற்றார்; முதுகிற் புகுந்த துண்டு இறுதிவரை அவர் உடலிலேயே தங்கிவிட்டது. போர் முடிந்ததும் மீண்டும் அதே மூர்ஸ்வில், அதே கடைப்படி! 1946, 1947 ஆகிய இரண்டாண்டுகளிலும் ஆண்டுக்கு இருபது ஆட்டங்களுக்குக் குறையாமல் வென்றும் அவர் ஏற்றம் மெல்லவே நிகழ்ந்தது. நாக்ஸ்வில், ஜாக்சன்வில் என்னும் ஊர்களைக் கடந்து, 1950இல் மினியாபொலிசை அடைந்தார். அது மேற்படி, ஆயினும் அங்கும் ஈராண்டு காத்திருக்க நேர்ந்தது. விரைந்து எறிபவரையே நாடிய அக்காலத்தில், மெல்ல வந்து மனம்போனவாறு திரும்பும் பந்தை நம்பத் துணிந்தவர் சிலரே. கீழ்நிலைப் போட்டிகளில் ஏழு பருவங்கள் கழிந்தன.

1952இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி அவரை ஏற்றது. அப்பொழுது அவருக்கு வயது 29. கீழே பெரும்பாலும் ஆட்டத்தைத் தொடங்கியவரை, அணித்தலைமை பூண்ட லியோ டுரோச்சர் இடையெறிவாளராக்கினார். அவ்வாண்டில் 71 ஆட்டங்களில் எறிந்து, 15 வென்று 3 மட்டுமே தோற்றார். தடியேந்திய முதன்முறையே பந்தை எல்லைக்கு அப்பால் அடித்தார். பின்னர் ஆடிய 21 பருவங்களில் அவ்வாறு மற்றொரு முறை அடித்தாரில்லை!

பிடிப்பவர்கள் பாடுதான் பெரும்பாடு. 1954இல் ரே காட் என்பவர் ஒரே இன்னிங்சில் நான்கு முறை பந்தைத் தவறவிட்டார். 1960இல் பால்டிமோர் அணியின் பால் ரிச்சர்ட்ஸ், வில்ஹெல்மின் பந்துக்கென்றே மிகப் பெரிய கையுறை ஒன்றைச் செய்வித்தார்.

எந்த மென்மை அவரைக் கீழே நிறுத்திற்றோ, அதுவே அவர் கையைத் தேயாமற் காத்தது. விரைந்து எறிந்தோர் தோள் நொந்து விலக, இவர் ஒன்பது அணிகளில் 1,070 ஆட்டங்கள் எறிந்தார். அதுவரை ஆயிரத்தைக் கடந்த எறிவாளர் வேறெவரும் இலர். 1972 ஜூலையில் இறுதியாக எறிந்தபொழுது, ஐம்பது வயது நிறைய இரண்டு வாரங்களே எஞ்சியிருந்தன. 1985இல் கூப்பர்ஸ்டவுன் நகரிலுள்ள புகழ்மன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். இடையெறிவாளர் ஒருவருக்கு அச்சிறப்புக் கிட்டியது அதுவே முதன்முறை.