உஷார்! நூதனசாலைக்குக் கொடுத்தாயிற்று என்று இருந்துவிடாதீர்கள்

பழம்பொருள் அழிவு என்றால் யாழ்ப்பாணத்தாருக்கு முதலில் ஞாபகம் வருவது 1981. மே 31 இரவு வைத்த தீயில் யாழ் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அதை யாரும் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் அந்தத் தீயையே நினைத்துக்கொண்டிருந்ததில் இன்னோர் அழிவைக் கவனிக்கத் தவறிவிட்டோம். அதற்கு எதிரி யாரும் தேவையில்லை. கூரையில் ஓர் ஓடு விலகி ஒரு மாரி பெய்தால் போதும். பூச்சி மருந்துக்கு அந்த ஆண்டு காசு ஒதுக்காமல் விட்டாலே போதும்.

அப்பப்பாவின் வைத்திய ஏட்டை நூதனசாலையில் சேர்த்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று நிம்மதியாக இருப்பவர்கள் கவனமாகக் கேளுங்கள். கொடுப்பது பாதி வேலைதான்.

நல்லூர் நாவலர் வீதியில், கலாசார மண்டபத்துக்குப் பின்னால் ஒதுங்கி இருக்கிறது தொல்பொருள் நூதனசாலை. 1978இல் தொடங்கியது. கந்தரோடையில் கிடைத்த புத்தர் சிலைத் துண்டுகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பல்லக்கும் உள்ளே இருக்கின்றன. வாசலில் கோட்டையிலிருந்து வந்த ஒல்லாந்தர் காலப் பீரங்கிகள். கந்தரோடை சாதாரண இடமல்ல. 1917ஆம் ஆண்டளவில் வரலாற்றாய்வாளர் போல் பீரிஸ் அங்கே ஆய்வு செய்தார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழு வந்து தோண்டியது. அப்படிப்பட்ட மண்ணின் சாட்சிகள் ஒரு சின்னக் கட்டடத்தை நம்பி இருக்கின்றன.

அந்தக் கட்டடம் எதை நம்பி இருக்கிறது? தொல்லியல் திணைக்களத்தின் கீழ் உள்ளதால் சம்பளம், மின்சாரம், திருத்த வேலை எல்லாவற்றுக்கும் திறைசேரியைத்தான் பார்க்க வேண்டும். அரச திணைக்களத்துக்கு வரும் வருமானம் திரட்டு நிதியத்துக்குப் போய்விடும். சனம் கூடுதலாக வந்தால் கூரைக்குக் கூடுதல் காசு கிடைக்கும் என்று நினைத்தால், கணக்கு அப்படி ஓடுவதில்லை. பாரம்பரிய இடங்களைப் பராமரிக்க 1980ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான மத்திய கலாசார நிதியமோ சிகிரியா போன்ற இடங்களின் நுழைவுச்சீட்டு வருமானத்தைப் பெரிதும் நம்பியது. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு, அடுத்த ஆண்டு கொரோனா, 2022 பொருளாதார நெருக்கடி என்று அடிமேல் அடி விழுந்ததில் சுற்றுலாப் பயணிகளே வராமல் போனார்கள். 2022 மார்ச்சில் ஒரு நாளில் 13 மணி நேரம்வரை மின்வெட்டு. குளிரூட்டியை நம்பி வைத்த ஏடு அந்த 13 மணி நேரம் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கட்டுவதற்குக் காசு வருகிறது என்பதுதான் வேதனை. நெதர்லாந்து உதவியோடு கோட்டையைத் திருத்தினார்கள். இந்தியா 11 மாடிக் கலாசார மையத்தைக் கட்டி 2023 பெப்ரவரியில் கையளித்தது. அதில் நூதனசாலைக்கும் இடம் உண்டு. ஆனால் கையளிக்கும் முன்பே, இதை நடத்தும் செலவை மாநகர சபையால் தாங்க முடியுமா என்ற கேள்வி எழுந்துவிட்டது. நாவற்குழியில் சிவபூமி அறக்கட்டளை 2020இல் திறந்த அரும்பொருட்காட்சியகம் நன்கொடையால் எழுந்தது. நல்ல காரியம், மனமாரப் பாராட்ட வேண்டும். ஆனாலும் நன்கொடை தருபவர்கள் விரும்புவது கட்டடத்தையும் திறப்பு விழாவையும்தான். கல்வெட்டில் பெயர் பொறிக்கலாம். கறையான் மருந்தில் யார் பெயரைப் பொறிப்பது?

பிரேசிலில் நடந்ததைப் பாருங்கள். ரியோ டி ஜெனீரோ தேசிய நூதனசாலை தனது 200ஆவது ஆண்டில், 2018 செப்டெம்பர் 2 அன்று எரிந்தது. இரண்டு கோடிப் பொருள்கள் இருந்த இடம். பராமரிப்புக்கு ஒதுக்கிய பணம் ஆண்டாண்டாகச் சுருங்கி வந்ததைப் பலர் முன்பே சொல்லி எச்சரித்திருந்தார்கள்.

நமது ஊரில் நெருப்புக்கூட வேண்டாம், கடற்காற்றே போதும். இரும்புப் பீரங்கிக்குள் உப்பு இறங்கியிருக்கும். மாரியில் ஈரம் குடித்து, வெயிலில் காய்ந்து, துரு அடுக்கடுக்காகப் பொருக்கு விடும். பொருக்கோடு மேற்பரப்பும், அதில் பொறித்திருந்த எழுத்தும் கழன்று விழும். பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று துருவின் மேலேயே கறுப்புப் பெயின்ற் அடிப்பது அதைவிட மோசம். உப்பு உள்ளேயே அடைபட்டு, வெளியே தெரியாமல் தின்னும். முதலில் உப்பை இறக்கி, பிறகு மெழுகுப் பூச்சுக் கொடுக்க வேண்டும். அது தெரிந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும்.

நாணயத்திலும் இதே கதைதான். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட செப்புக்காசில் ஒரு பக்கம் நந்தி, கீழே ‘சேது’ என்ற எழுத்து. அந்த எழுத்து மேலோட்டமாகத்தான் நிற்கும். வளவில் கிணறு வெட்டும்போது அப்படி ஒன்று அகப்பட்டால் நாம் என்ன செய்கிறோம்? குத்துவிளக்குக்குப் போடுவதுபோலப் புளி போட்டுத் தேய்க்கிறோம். காசு மினுங்கும், எழுத்து போய்விடும். தயவுசெய்து தேய்க்காதீர்கள். மண் ஒட்டியிருந்தால் ஒட்டியபடியே கடதாசியில் சுற்றி வையுங்கள்.

வீட்டுப் பெட்டகத்தில் ஏட்டுக்கட்டு இருந்தால் இந்த மாரிக்கு முன்பே எடுத்துப் பாருங்கள். கட்டைப் பிரிக்கும்போது மா மாதிரித் தூள் கொட்டினால் உள்ளே பூச்சி இருக்கிறது. வெயிலில் காயப்போடாதீர்கள், ஓலை முறிந்துவிடும். எலுமிச்சம்புல் எண்ணெய் பூசுவது பழைய முறைதான். எந்த ஏட்டுக்கு எவ்வளவு என்பதை ஏடு பார்க்கத் தெரிந்தவரிடம் கேட்டுச் செய்யுங்கள். எதற்கும் முன்னால் ஒவ்வோர் ஏட்டையும் இரண்டு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். ஏடுகளை மின்வடிவில் பாதுகாக்கும் நூலக நிறுவனம் போன்றவை யாழ்ப்பாணத்திலேயே இருக்கின்றன. ஏடு போனாலும் எழுத்து மிஞ்சும்.

நூதனசாலைக்குக் கொடுக்கும்போது வெறுங்கையோடு திரும்பாதீர்கள். பதிவேட்டில் ஏறிய இலக்கம், கையொப்பமிட்ட பற்றுச்சீட்டு, பொருளின் படம் மூன்றையும் வாங்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை போய் அந்த இலக்கத்தைச் சொல்லிப் பொருளைக் காட்டச் சொல்லுங்கள். இது அவநம்பிக்கை அல்ல. 2012இல் கொழும்பு தேசிய நூதனசாலையிலேயே வாளும் நாணயமும் களவு போயின. படமும் பதிவும் இல்லாத பொருள் தொலைந்தால் தேடவே வழியில்லை.

வீதியில் ‘பழைய பித்தளை, பழைய சாமான்’ என்று கூவி வருபவர்களிடமும், நாற்சார் வீட்டுக் கதவு தூணுக்கு விலை பேச வருபவர்களிடமும் உஷார். 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள்கள் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பழம்பொருளை அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது குற்றம். கனடாவுக்கோ லண்டனுக்கோ ‘ஞாபகத்துக்கு’ என்று பெட்டியில் வைத்துக் கொண்டுபோகும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

வெளிநாட்டுச் சங்கங்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கோயில் திருவிழா உபயத்துக்கு வங்கியில் நிரந்தர வைப்புப் போட்டு, வட்டியில் வருடாவருடம் நடத்துவது நமக்குக் கைவந்த வழக்கம். அதையே நூதனசாலைக்கும் செய்யுங்கள். கூரைக்கு ஒரு வைப்பு, பூச்சி மருந்துக்கு ஒரு வைப்பு, படித்த பராமரிப்பாளர் ஒருவரின் சம்பளத்துக்கு ஒரு வைப்பு. 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியதை மறக்காமல், முதலை ஆண்டுதோறும் கொஞ்சம் கூட்டுங்கள். கணக்கை வெளியே வைக்கும் நிறுவனத்துக்கு மட்டும் கொடுங்கள். அடுத்த கட்டடத்துக்கு அடிக்கல் நாட்ட யாராவது காசு கேட்டு வந்தால், பத்தாம் ஆண்டில் அதன் கூரையை யார் மேய்வார்கள் என்று கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை காசோலையில் கையொப்பம் போடாதீர்கள்.