உஷ்ஷ்... குஞ்சுகள் காதில் விழப்போகிறது!

"அத்தை, இந்தக் கதவைத் தாண்டினால் வாயைத் திறக்கக் கூடாது" என்றாள் அண்ணன் மகள். என்னிடம் போய்! ஆனாலும் தலையாட்டினேன். வடக்கு கலிபோர்னியாவில் காட்டுப் பறவைகளைக் காப்பாற்றும் மையம் இது. பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. சனிக்கிழமைதோறும் இங்கே வேலை செய்யும் அவள் கெஞ்சிக் கூத்தாடி என்னை உள்ளே நுழைத்திருக்கிறாள். சத்தமில்லாமல் பின்னாலேயே வாருங்கள்.

முதலில் மூக்குக்குத்தான் வரவேற்பு. ஈரத் தீவனம், எச்சம், வெப்ப விளக்கின் சூடு எல்லாம் கலந்த ஒரு நெடி. துவைக்க வேண்டிய துண்டுகள் இடுப்பளவுக்குக் குவிந்திருக்கின்றன. வாஷிங் மெஷின் ஓய்வதே இல்லை. யாரோ பாதி குடித்துவிட்டு மறந்த காபி ஆடை கட்டிக் கிடக்கிறது. வெள்ளைப் பலகையில் இன்றைய வரவுக் கணக்கு. ஓரத்தில் கண்ணடிக்கும் ஒரு வாத்துப் படம்.

வரவு என்றால் குஞ்சுகள்தான். வசந்த காலத்தில் மல்லார்ட் வாத்துகள் அலுவலகப் பூச்செடிக்குள்கூட முட்டையிட்டுவிடும். குஞ்சு பொரித்ததும் தாய் எல்லாவற்றையும் வரிசையாகத் தண்ணீருக்கு நடத்திக்கொண்டு கிளம்பும். நடுவில் நெடுஞ்சாலை, இல்லாவிட்டால் மழைநீர் வடிகாலின் கம்பி இடுக்கு. தீயணைப்பு வீரர்கள் குஞ்சுகளை மேலே தூக்குவதற்குள் தாய் மிரண்டு பறந்துவிட்டிருக்கும். வீட்டில் வைத்து வளர்க்கலாமே என்றால் முடியாது. அமெரிக்காவில் 1918-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள்; அனுமதியில்லாமல் காட்டு வாத்தை வைத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு தொட்டியை மூடியிருக்கும் போர்வையை ஓர் அங்குலம் விலக்கிக் காட்டுகிறாள். ஐயோ! விளக்குக்கு அடியில், மேலிருந்து தொங்கும் இறகு டஸ்டருக்குள் எட்டுக் குஞ்சுகள் முகம் புதைத்துத் தூங்குகின்றன. ஆமாம், நம் வீட்டில் ஒட்டடை அடிக்கிற அதே டஸ்டர்! இங்கே அதற்குத் தாய்ப் பதவி. பக்கத்தில் ஒண்டியாய் வந்த ஒன்றுக்குத் துணையாக ஒரு கண்ணாடி. அது தன் உருவத்தோடு ஏதோ வழக்காடிக்கொண்டிருக்கிறது.

மனித முகமும் குரலும் பழகிவிடக் கூடாது என்பதற்குத்தான் இத்தனை மறைப்பும். முட்டையிலிருந்து வந்த குஞ்சு, முதலில் கண்ட அசையும் உருவத்தையே தாயென்று நம்பிவிடும். ஆஸ்திரிய விஞ்ஞானி கான்ராட் லோரென்ஸ் பின்னால் வாத்துக் குஞ்சுகள் ஊர்வலம் போனது இதனால்தான். 1973-ல் நோபல் பரிசு வாங்கியவர் அவர். அந்த ஊர்வலம் இங்கே நடந்தால் எல்லாரும் தலையில் கை வைத்துக்கொள்வார்கள்.

அடுத்த தொட்டிக்கு வலை மூடி, அதன் மேல் கிளிப்புகள். உள்ளே மர வாத்துக் குஞ்சுகள். காட்டில் இவை மரப்பொந்தில் பிறந்து, மறுநாளே உள்சுவரைப் பற்றி ஏறி, வெளியே குதிக்கிற இனம். பிளாஸ்டிக் சுவரெல்லாம் இவற்றுக்கு ஒரு பொருட்டா! "ஒருநாள் கிளிப் போட மறந்துட்டாங்க" என்று காதில் கிசுகிசுக்கிறாள். "ஒண்ணு துணி மூட்டைக்குள்ள, ஒண்ணு பூட்ஸுக்குள்ள கிடைச்சுது." சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினேன்.

வெளியே குளம், சுற்றிலும் திரை. ஏறக்குறைய எட்டு வாரத்தில் மல்லார்டுக்குப் பறக்க வந்துவிடும். இன்று கடைசித் தேர்வு. ரப்பர் கால்சட்டையில் வியர்த்து வழியும் ஒரு பெண், வலையோடு துரத்துகிறார். பிடித்ததும் சிறகை விரித்துப் பார்க்கிறார். வயிற்று இறகைப் பிரித்துத் தண்ணீர் தோலுக்குப் போயிருக்கிறதா என்று தடவுகிறார். நனைந்திருந்தால் இன்னும் சில நாள் இங்கேயே. தேறியவற்றுக்குக் காலில் எண் பொறித்த அலுமினிய வளையம். ஒன்று அவர் முகத்திலேயே பட்டென்று இறக்கையால் அறைந்தது. "இது பாஸ்!" என்றார் முகத்தைத் துடைத்தபடி. மனிதனைக் கண்டு மிரண்டால்தானே காட்டில் பிழைக்கும்? பொரிக்காக வாலாட்டி வருகிற வாத்தை நான் கோயில் குளத்தில் கொஞ்சியிருக்கிறேன். இங்கே அப்படி ஒன்று வந்தால் அது ஃபெயில்.

மதியம், தேறிய வாத்துகளோடு நாணல் அடர்ந்த ஒரு நீர்நிலைக்குப் போனோம். எங்கே என்று எழுத மாட்டேன், சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். பெட்டிகளைத் திறந்தார்கள். ஒன்றும் அசையவில்லை. பிறகு ஒரு கழுத்து நீண்டது, எச்சம் போட்டது, தடதடவென்று எல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீரில் விழுந்தன. ஒன்று கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் கூட்டமே பல்லைக் கடித்துக்கொண்டு மௌனமாகக் குதித்தது, கைதட்டக் கூடாதே!

காலிப் பெட்டிகளைக் கழுவும் வேலை விருந்தாளிக்காம். வழக்கமாம். மூக்கைப் பொத்திக்கொண்டு ஹோஸ் பைப்பைப் பிடித்தேன். ஒரு வசதி, இப்போது எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். பேசித் தீர்த்துவிட்டேன்.