காலிக் கோட்டை மதில் நடைவழி

காலிக் கோட்டை மதில் நடைவழி என்பது, இலங்கையின் தென் மாகாணத்தில் உள்ள காலிக் கோட்டையின் மதில்கள் மீது அமைந்த நடைவழியாகும். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில், மூன்று பக்கங்களிலும் கடல் சூழ்ந்த நிலமுனை ஒன்றில் இக்கோட்டை உள்ளது. கோட்டையும் அதனுள் அமைந்த பழைய நகரும் 1988 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டன. மதிலைச் சுற்றி நடக்கக் கட்டணம் இல்லை. ஆங்காங்கே நின்று பார்த்துச் செல்வதாயின் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் போதுமானது.

வரலாறு

போர்த்துக்கேயர் 1588 இல் இங்கே ஓர் அரணை அமைத்தனர். தாக்குதலை நிலப்பக்கத்திலிருந்தே எதிர்பார்த்ததால் வடக்குப் பகுதியை மட்டுமே வலுப்படுத்தினர். 1640 இல் வில்லெம் கோஸ்டர் தலைமையிலான ஒல்லாந்தர் இதைக் கைப்பற்றிப் பின்னர் கடற்பக்கங்களிலும் மதில் எழுப்பினர். கோட்டையில் 14 கொத்தளங்கள் அமைந்தன. 1796 இல் இது பிரித்தானியர் வசமானது.

பீரங்கிகளை நிறுத்தவும் நகர்த்தவும் வசதியாக மதில்களின் மேற்பரப்பு அகலமாகவும் பெரும்பாலும் சமதளமாகவும் கட்டப்பட்டது. போருக்கெனச் செய்த இவ்வமைப்பே இன்று நடப்பதை எளிதாக்குகிறது.

வழி

பொதுவாக வடக்கிலுள்ள முதன்மை வாயிலில் நடையைத் தொடங்கலாம். போக்குவரத்து வசதிக்காகப் பிரித்தானியர் 1873 இல் இதைத் திறந்தனர். வாயிலுக்கு மேற்கே சந்திரக் கொத்தளமும், அதனருகே 1883 இல் கட்டப்பட்ட மணிக்கூட்டுக் கோபுரமும் உள்ளன. இங்கிருந்து வெளியே நோக்கினால் காலி பன்னாட்டுத் துடுப்பாட்ட அரங்கு தெரியும்.

அடுத்துள்ள நட்சத்திரக் கொத்தளத்தைக் கடந்ததும் வழி தெற்கே திரும்பிக் கடலோரமாகச் செல்கிறது. இப்பக்கத்திலுள்ள திரைத்தன் கொத்தளத்தில் முன்னர் ஒரு காற்றாலை இருந்தது. அது இயக்கிய நீரேற்று நிலையத்தின் உதவியுடன், கடலேற்றத்தின்போது நகரின் நிலத்தடிக் கழிவுநீர்க் கால்வாய்கள் கடல்நீரால் கழுவப்பட்டன. தென்முனையிலுள்ள கொடிப்பாறைக் கொத்தளத்திலிருந்து, நீருள் மறைந்த பாறைகள் குறித்துக் கப்பல்களுக்கு எச்சரிக்கை தரப்பட்டது.

தென்கிழக்கு மூலையில் உள்ளது உத்திரெக்து முனைக் கொத்தளம். இங்குள்ள கலங்கரை விளக்கம் 1939 இல் கட்டப்பட்டது. 1848 இல் அமைக்கப்பட்ட முந்தைய விளக்கம் தீயில் அழிந்தது. அருகே, தோற்றத்தில் தேவாலயத்தை ஒத்த மீரான் பள்ளிவாசல் உள்ளது.

கிழக்குப் பக்கத்தில் மதில் மீது தொடர்ந்து நடக்க இயலாது. தெருவில் இறங்கிச் செல்ல வேண்டும். வழியிலுள்ள அக்கர்சுலூட் கொத்தளம் கோஸ்டரின் பிறந்த ஊரின் பெயரைத் தாங்கியது. அடுத்து வரும் பழைய வாயிலின் வெளிப்புறத்தில் பிரித்தானிய அரச சின்னமும், உட்புறத்தில் 1669 ஆம் ஆண்டைக் குறிக்கும் ஒல்லாந்துக் கம்பனியின் சின்னமும் உள்ளன. அங்கிருந்து முதன்மை வாயிலை மீண்டும் அடையலாம்.

2004 ஆழிப்பேரலை

2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை காலியைத் தாக்கியபோது, மதிலுக்கு வெளியே இருந்த பேருந்து நிலையமும் துடுப்பாட்ட அரங்கும் அவற்றைச் சூழ்ந்த பகுதிகளும் பேரழிவுக்குள்ளாயின, பலர் உயிரிழந்தனர். கோட்டைக்குள் இருந்த குடியிருப்புகள் பெரும்பாலும் தப்பின. எனினும் பழைய வாயிலையொட்டிய பண்டகசாலைக் கட்டடத்தில் இயங்கிய கடல்சார் அருங்காட்சியகம் சேதமடைந்தது. 2010 இல் அது மீண்டும் திறக்கப்பட்டது. பீரங்கிகளுக்கு எதிராகக் கட்டிய மதில் கடலையும் தடுத்தது. ஆனால் அதன் பாதுகாப்பு உள்ளே இருந்தோருக்கு மட்டுமே கிட்டியது. சந்திரக் கொத்தளத்தில் நின்று இருபுறமும் பார்ப்போர் இவ்வேறுபாட்டை எளிதில் உணரலாம்.

கவனிக்க வேண்டியவை

மதிலின் கடற்பக்க விளிம்பில் பல இடங்களில் தடுப்பு இல்லை. சிறுவருடன் செல்வோர் உட்புறமாக நடப்பது நல்லது. நிழல் குறைவாதலால் காலையும் மாலையும் ஏற்ற நேரங்களாகும். மேற்கு மதிலிலிருந்து கதிரவன் மறைவதைக் காணலாம். கோட்டைக்குள் இன்றும் மக்கள் வாழ்கின்றனர், வழிபாட்டிடங்களும் உள்ளன. எனவே அவர்களுக்கு இடையூறின்றி நடந்துகொள்ள வேண்டும்.