கொழுந்துப் பெட்டியில் ஆள் ஏற்றலாமா?

ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா என்று வளைந்து வளைந்து வரும் பஸ் பாதை நல்லதண்ணியோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் சிவனொளிபாதமலைக்குப் படிதான், ஐயாயிரத்துக்கும் அதிகம். டிசம்பர் போயாவில் தொடங்கி வெசாக் வரையான சீசனில் படியோரக் கடைகளுக்கு மாவு மூட்டையும் கேஸ் சிலிண்டரும் ஆள் தோளில்தான் ஏறுகின்றன.

தேயிலைத் தோட்டத்துக்குள்ளும் இதே கதைதான். மலையிலிருந்து ரோட்டுக்கு வரும்வரை கொழுந்து பெண்களின் முதுகில். ரோட்டுக்கு வந்த பிறகே ட்ரெக்டர் பெட்டியில். உழவுக்கென்று செய்த இயந்திரம் இங்கே ஒரு சால்கூட உழுவதில்லை. கொழுந்து, உரம், விறகு, கவ்வாத்து மிலாறு, லயத்துக்குக் கூரைத்தகரம் என்று இழுப்பதே அதன் பிழைப்பு. கடைச் சாமானுக்கு டிமோ பட்டா என்ற குட்டி லொறி வந்துவிட்டது. ஆனாலும் குண்டும் குழியுமான தோட்டப் பாதையில் ட்ரெக்டரை அடிக்க ஆளில்லை.

அவசரமெல்லாம் கொழுந்துக்குத்தான். பறித்த பிறகும் இலை மூச்சுவிடும். சாக்கில் அமுக்கித் திணித்தால் உள்ளே சூடேறிச் சிவந்துபோகும், தேயிலையின் தரமும் அதோடு போய்விடும். ஒரு கிலோ தேயிலைக்கு நாலு கிலோவுக்கும் மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். சுமப்பதில் முக்கால்வாசி தண்ணீர். 1884இல் ரயில் ஹட்டனுக்கு வந்து தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புக்கு இறக்கியது. ஆனால் கொழுந்து மலையிலிருந்து தொழிற்சாலைக்குப் போவதுதான் தீராத பாடாக இருந்தது. சில தோட்டங்களில் மூட்டைகளைக் கம்பியில் கோத்துச் சறுக்கிவிட்டார்கள்.

இறக்கத்தில் ட்ரெக்டர் ஓட்டுவது தனி வித்தை. எந்தக் கியரில் ஏற வேண்டியிருக்குமோ அதே கியரில் இறங்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் பாரம் ஏற்றிய பெட்டி பின்னாலிருந்து தள்ளும். வளைவில் ட்ரெக்டரையே மடக்கிப் பள்ளத்தில் கவிழ்த்துவிடும். பெட்டிக்குத் தனி பிரேக் இல்லையென்றால் கேட்கவே வேண்டாம். மழை நாளில் சேறு வேறு.

அப்படிப்பட்ட பெட்டியில்தான் ஆட்களையும் ஏற்றுகிறார்கள். வேலை மலை தூரமா, ஏறு பெட்டியில். கோயில் திருவிழாவா, சாவு வீடா, அதற்கும் அதுதான். பிரசவ வலி வந்த பெண்ணைத் தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கதை எந்த லயத்திலும் கிடைக்கும். உட்கார இருக்கை இல்லை, பிடிக்கக் கம்பி இல்லை. கொழுந்து நசுங்கக்கூடாது என்று பிளாஸ்டிக் கூடையில் அடுக்கச் சொல்லும் தோட்டத்திலேயே, அதைப் பறித்தவள் பெட்டியில் நெருக்கியடித்து நிற்கிறாள். இதை வறுமை என்று சொல்லித் தப்ப முடியாது. கொழுந்துக்கு விலை இருக்கிறது, அதனால் அதற்கு விதியும் இருக்கிறது, அவ்வளவுதான்.

சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும் தொழிற்சங்கங்கள் இந்த இரண்டையும் மேசையில் வைக்கட்டும்: கொழுந்து நிறுக்கும் இடம் மலைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஆட்களை ஏற்ற இருக்கையும் கூரையும் உள்ள தனி வண்டி வேண்டும். அது வரும்வரை, தோட்டத்து டிரைவர்மாரே, இறக்கத்தில் பெட்டியில் ஆள் ஏற்றச் சொன்னால் முடியாது என்று சொல்லுங்கள்.