சதுரங்கப்பட்டினமும் யாக்கோப் ஹாஃப்னரும்

சதுரங்கப்பட்டினம், செங்கல்பட்டு மாவட்டத்தில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டியுள்ள கடற்கரை ஊர். ஐரோப்பியர் வாயில் இப்பெயர் 'சத்ராஸ்' ஆயிற்று. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கு மெல்லிய பருத்தித் துணிகளை வாங்கிக் கப்பலேற்றியது. கம்பெனி கட்டிய செங்கல் கோட்டையின் சிதைவுகளை இன்று இந்தியத் தொல்லியல் துறை பாதுகாத்துவருகிறது.

அங்கே கணக்கெழுதியவர்களுள் ஒருவர் யாக்கோப் ஹாஃப்னர். அயல்நாடு ஒன்று தன் ஊராகிவிட்டதை, அதைவிட்டுப் போகும் வேளையில்தான் பலரும் உணர்கிறார்கள். இதற்கு நம் கடற்கரையில் கிடைக்கும் நல்ல சான்று இவர்.

ஹாஃப்னர் 1754இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் பிறந்தார். தந்தை கப்பல் மருத்துவர். மகனையும் உடன் அழைத்துக்கொண்டு கடற்பயணம் புறப்பட்ட அவர் வழியிலேயே இறந்துபோனார்.  1770களில், சோழமண்டலக் கரையில் டச்சுக்காரரின் தலைமையிடமாக இருந்த நாகப்பட்டினத்தில் வேலை பார்த்தார். தமிழும் கற்றுக்கொண்டார். 1779 வாக்கில் சதுரங்கப்பட்டினத்துக்கு மாற்றப்பட்டார்.

அங்கு அவர் இருந்தது ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள். 1780இன் இறுதியில் ஐரோப்பாவில் ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் போர் மூண்டது. 1781இல் ஆங்கிலேயர் சதுரங்கப்பட்டினத்தைக் கைப்பற்றினர். ஹாஃப்னர் கைதியாகச் சென்னைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். ஐதர் அலியுடனான போரால் அப்போது சென்னையில் கொடும் பஞ்சம். பின்னர் அங்கிருந்து தப்பித் தரங்கம்பாடி வழியாக இலங்கை சேர்ந்தார். அதன்பின் கல்கத்தாவில் கணக்கர் வேலை. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் அவர் செய்த காரியம்தான் கவனிக்கத்தக்கது. 1786இல் பல்லக்கு ஏறி, ஒரிசாக் கரையிலிருந்து சோழமண்டலக் கரையோரமாகப் பயணம் செய்தார். யாரும் அனுப்பி வந்த பயணமன்று. மாமியா என்ற நடனப் பெண்மீது அவர் கொண்ட காதலும் இப்பயணக் கதையில் வருகிறது. சிறிது காலத்திலேயே ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். பிறகு இந்தியாவுக்கு வரவேயில்லை.

இந்த உணர்வு ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறது? வேலையில் இருக்கும்வரை ஊர் என்பது வேலைக்கான இடம். கணக்கும் கப்பல் வரும் நாளும் மனத்தை நிறைத்திருக்கும். மொழியும் உணவும் வெயிலும் சத்தமில்லாமல் பழகிவிடுகின்றன. கிளம்பும் நாள் குறிக்கப்பட்டதும், பழகிப்போனதெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணில் படுகிறது. மாறுதல் ஆணை பெற்ற ஆசிரியர் எவருக்கும் இது புதிதல்ல. எந்த வீட்டுத் திண்ணையில் நிழல் எப்போது விழும் என்பது எனக்கு மனப்பாடமாகியிருந்ததை, ஓர் ஊரைவிட்டுப் பெட்டி கட்டிய அன்றுதான் நானே அறிந்தேன்.

ஹாஃப்னர் தம் பயண நூல்களை ஆம்ஸ்டர்டாமில் உட்கார்ந்து எழுதினார். சென்னையிலிருந்து தப்பிய கதை 1806இலும் பல்லக்குப் பயணம் 1808இலும் வெளிவந்தன. அதற்குள் அவருடைய சேமிப்பு பிரெஞ்சுக் கடன் பத்திரங்களில் கரைந்திருந்தது. இருபது ஆண்டு இடைவெளியும் இழப்பும் சேர்ந்து தீட்டிய கடற்கரை அது. வரலாற்றுச் சான்றாகப் பயன்படுத்தும் மாணவர்கள் இதை மறக்கக் கூடாது. ஐரோப்பியர் இங்கு செய்த கொடுமைகளை அவர் வன்மையாகக் கண்டித்தார் என்பதும் உண்மை. ஆனால் இந்த ஊரைத் தன் ஊராக்கிக்கொள்ள அவருக்குச் சம்பளமும் பல்லக்கும் இருந்தன. அந்தப் பல்லக்கைச் சுமந்தவர்கள் எழுதிய பயண நூல் நம்மிடம் இல்லை. கம்பெனிக்குத் துணி நெய்தவர்களின் கதையும் அப்படித்தான்.

இராமாயணத்தை டச்சு மொழியில் தரும் பணியிலும் அவர் ஈடுபட்டார். அது அவர் மறைவுக்குப் பின் 1823இல் அச்சாயிற்று. அடுத்த ஆண்டு ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் ஏற்பட்ட ஒப்பந்தப்படி, 1825இல் சதுரங்கப்பட்டினம் நிரந்தரமாகக் கைமாறியது.

கோட்டைக்குள் டச்சுக்காரரின் கல்லறைகள் உள்ளன. நுணுக்கமான செதுக்கு வேலைகளும் டச்சு எழுத்துகளும் கொண்ட கற்கள் அவை. புறப்படும் நாளே வராமல் போனவர்கள் அங்கே கிடக்கிறார்கள். ஹாஃப்னர் அவர்களோடு இல்லை. 1809இல் ஆம்ஸ்டர்டாமில் இறந்தார்.