தீவைக் கடந்து வரும் கம்பெனிகள்

பினாங்குப் பெருநிலத்தில், சுங்கை பாக்காப் பக்கம் தே தாரிக் குடித்தபடி பேசும்போது இந்தக் கேள்வி வராமல் இருக்காது: "ஏன் அண்ணே, பெரிய கம்பெனியெல்லாம் தீவை விட்டுட்டு நம்ம பக்கமா வருது?" நிதானமாகப் பார்ப்போம்.

1969இல் பினாங்கு தீவு தீர்வையில்லாத் துறைமுகம் என்ற தகுதியை இழந்தது. வேலையில்லாமல் ஊரே தவித்தது. அதே ஆண்டில் அமைந்த பினாங்கு மேம்பாட்டுக் கழகம் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை அமைத்தது. 1972இல் இன்டெல் வந்தது. அடுத்தடுத்து வந்தவர்களால் இடம் நிரம்பிவிட்டது. தீவின் நடுவே மலை, சமநிலம் கொஞ்சம்தான். பெரிய ஆலைக்கு ஒரே துண்டாக நிலம் வேண்டுமானால் கடல் கடந்துதான் ஆக வேண்டும்.

எதிர்க்கரையில் நம்ம பக்கம் பத்து காவானில் நிலம் இருந்தது, நேர் வழி இல்லை. 2014 மார்ச்சில் இரண்டாவது பாலம் திறந்தது: பத்து மாவுங்கிலிருந்து பத்து காவான்வரை 24 கிலோமீட்டர். பாயான் லெப்பாஸ் பொறியாளர் இனி வடக்கே முதல் பாலத்துக்குப் போய்ச் சுற்ற வேண்டியதில்லை. அமெரிக்காவின் லாம் ரிசர்ச் 2021இல் அங்கே ஆலை திறந்தது; மைக்ரான் 2023இல் புதிய ஆலை திறந்தது. பழைய ஆலையை மூடிவிட்டு வருபவர்கள் குறைவு; தீவில் இருப்பதை வைத்துக்கொண்டே அடுத்த ஆலையை இங்கே கட்டுகிறார்கள்.

நமக்கு என்ன கிடைத்தது என்பதுதான் முக்கியம். நம் தமிழர்கள் இந்த மண்ணுக்குப் புதியவர்கள் அல்லர். 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பெருநிலப் பகுதியான செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். அந்த ஒப்பந்த முறை 1910இல் நின்றது. கரும்பு போய் ரப்பர் வந்தது, பிறகு செம்பனை. பயிர் மாறினாலும் தோட்டத்து லய வீட்டு வாழ்க்கை மாறவில்லை, ஏனென்றால் வேலையும் வீடும் ஒரே முதலாளி கையில். தோட்டம் விலைபோனால் இரண்டும் சேர்ந்தே போகும். பால்மரம் வெட்டியவர் பிள்ளைக்கு, பக்கத்திலேயே ஆலை வந்தது என்பதற்காக யாரும் வேலை கொடுப்பதில்லை.

ஏன் என்பதற்கு ஓர் உதாரணம். சுவிட்சர்லாந்தின் வாட் கம்பெனி பத்து காவானில் வெற்றிட வால்வு செய்கிறது. சிலிக்கன் தகட்டில் மின்சுற்று பொறிக்கும் அறையில் காற்று இருக்கக்கூடாது. அந்த அறைக்குக் கதவு இந்த வால்வு. உள்ளே ஒரு தூசி போனாலும் தகட்டில் அது விழும் இடம் வீணாகலாம். இப்படிப்பட்ட பொருளைப் பொருத்துபவர் கண் மட்டும் தெரிய உடல் மூடிய உடையில் நிற்க வேண்டும், வரைபடம் படிக்க வேண்டும், ஒவ்வொரு திருகையும் சொன்ன அளவுக்கே முறுக்கிப் பதிவு செய்ய வேண்டும். கை பழகியிருந்தால் மட்டும் போதாது, சான்றிதழும் கேட்பார்கள்.

இன்னொரு பக்கம், ஆலைக்கு வருபவர்கள் வீடு தேடுகிறார்கள். பத்து காவான் பக்கத்துச் சிம்பாங் அம்பாட்டில் வாடகை ஏறினால் அது சுங்கை பாக்காப்பையும் தொடும். 2024 ஜூலையில் இங்கே நடந்த சட்டமன்ற இடைத்தேர்தலில் சாலை நெரிசலும் தண்ணீர்ப் பிரச்சினையும் பெரிதாகப் பேசப்பட்டன. வாக்காளர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 17 பேர் இந்தியர். தோட்டத்தில் தலைமுறைகள் உழைத்த குடும்பங்களுக்கு மலிவு விலை வீட்டில் முன்னுரிமை வேண்டும் என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. வேட்பாளர் வாசலுக்கு வரும்போது அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

வீட்டில் மூன்றாம் படிவம் முடிக்கும் பிள்ளை இருந்தால் நிபோங் திபால் தொழிற்கல்லூரியில் விசாரியுங்கள். எஸ்.பி.எம். முடித்திருந்தால், அரசும் ஆலைகளும் சேர்ந்து 1989இல் தொடங்கிய பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் பாயான் லெப்பாஸில் இருக்கிறது. பாலம் ஏறிப் போய் ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வாருங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.